கூடம் கோணல்

ஹபீபுல்லா பாய் உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் நின்ற கதையையும் ஓடிய கதையையும் முதலில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், ஒரு மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள்.

காஞ்சிபுரத்தில் எங்கெல்லாம் டைப்ரைட்டர் இருந்ததோ அங்கெல்லாம் அவருக்கு வேலை இருந்தது. கோர்ட்டு, வக்கீல் வீடுகள், நெசவாளர் சொசைட்டிகள், டைப் சொல்லித்தரும் இன்ஸ்டிட்யூட்டுகள். மெட்ராஸில் இருந்த ஒரு சர்வீஸ் கம்பெனியின் காஞ்சிபுரத்து ஆள் அவர். கம்பெனிக்கு இங்கே ஓர் அறைகூடக் கிடையாது. அவருடைய சைக்கிள்தான் கிளை ஆபீஸ். ஹேண்டில்பாரில் ஒரு காக்கிப் பை, அதற்குள் ஸ்க்ரூடிரைவர், குறடு, அரம், எண்ணெய்க் குப்பி, பல் தேய்த்துத் தேய்ந்துபோன நாலைந்து பழைய பிரஷ். தினம் காலைத் தபாலில் மெட்ராஸிலிருந்து கார்டு வரும். இன்ன இடத்தில் இன்ன கோளாறு, உடனே கவனிக்கவும். எல்லாக் கார்டிலும் இந்த 'உடனே' இருக்கும். சர்க்கார் ஆபீஸில் வேலை பார்க்கிறவள் நான், 'உடனே' என்றால் அடுத்த மாதம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை அப்படியே நம்பிய ஒரே மனுஷன் பாய்தான்.

டீயை நின்றுகொண்டே குடிப்பார், ஒரு கால் பெடலில் இருக்கும். மெஷின் முன்னால் குனிந்து நின்றபடியேதான் வேலை. நாற்காலி போட்டால் அதில் பையை வைப்பார். உட்காருங்கள் என்றால், உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்பார். சுத்தப் பொய். தூக்கத்தில்கூட அவருக்குக் கால் ஆடும் என்று அவர் சம்சாரம் ஜோஹரா அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஐயம்பேட்டை சொசைட்டியிலிருந்து ஒருமுறை நேராக அவர் வீட்டுக்கே ஒரு கார்டு வந்தது. நாடா தேய்ந்துவிட்டது, இரண்டு தேவை என்று எழுதியிருந்தார்கள். டைப்ரைட்டர் ரிப்பனை ஆபீஸ் தமிழில் நாடா என்றுதான் எழுதுவோம். பாய் இரண்டு ரிப்பனைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் மிதித்தார். அங்கே அவர்கள் கேட்டது தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மர நாடா. தச்சருக்குப் போக வேண்டிய கார்டில் விலாசத்தை மாற்றி எழுதிவிட்டார்கள். நானாக இருந்தால் அந்தக் குமாஸ்தாவை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இவர் போன கையோடு அங்கிருந்த மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, திரும்பும் வழியில் தச்சரிடம் மர நாடாவும் சொல்லிவிட்டு வந்தார். சும்மா திரும்புவதென்பது அவருக்குத் தெரியாத வித்தை.

அவருடைய அப்பா தெருத்தெருவாகப் போய்ப் பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசியவர். ஈயத்தைக் கையாளுகிற பக்குவம் அப்படி வந்தது. மெட்ராஸில் ஒரு பட்டறையில் டைப்ரைட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டு இருபத்து நாலு வயதில் ஊர் திரும்பியவர், நான் பார்க்கும்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். எழுத்து அச்சில் தலைகீழாகத்தானே இருக்கும். அவருக்கு நேரான எழுத்தைவிடத் தலைகீழ் எழுத்து சீக்கிரம் படிக்க வரும்.

இவ்வளவு நல்லவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. மெஷின் சரியில்லை என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். தட்டிப் பார்ப்பார், காதைச் சாய்ப்பார், அப்புறம் ஒரு சிரிப்பு.

"மிஷின்ல ஒண்ணும் இல்லம்மா. கைலதான் கோளாறு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

இதை அவர் ஊரில் உள்ள டைப்பிஸ்ட் அத்தனை பேரிடமும் சொல்லியிருப்பார். ஆனால் எனக்கு அது வேறு மாதிரி விழுந்தது. நான் தமிழ் டைப் லோயர் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவள்.

என் பெயர் கிருஷ்ணவேணி. ஊர் தாமல். எங்கள் வீட்டில் ஏரித் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவர்களே தவிர, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் எனக்கு முன்னால் யாரும் இல்லை. எழுபதில் காஞ்சிபுரத்தில் ஓர் ஆபீஸில் டெம்பரவரி டைப்பிஸ்டாக ஏறினேன். எழுபத்திரண்டு பங்குனியில் நடந்த பரீட்சை மூன்றாவது தடவை. இதிலும் தவறினால் என் இடத்துக்கு வேறு ஆள் வரும் என்று ஆபீசர் தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு அப்புறம் இருப்பது தாமலில் களை பிடுங்குகிற வேலைதான். களை பிடுங்குவது கேவலமில்லை, என் அம்மா செய்தாள். ஆனால் எனக்கு அந்த நாற்காலி வேண்டும். காலையில் பஸ் இறங்கி, மெஷினின் மூடியைத் தூக்கி, காகிதத்தை ஏற்றும்போது வருகிற சத்தம் எனக்கு வேண்டும். அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

மாலை வேளைகளில் சீனிவாசன் மாஸ்டரின் இன்ஸ்டிட்யூட்டில் பழகினேன். எனக்கு ஏழாம் நம்பர் மெஷின். தமிழ் மெஷினில் ஒரு விசேஷம் உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 'க்' என்று அடிக்க வேண்டுமென்றால் முதலில் புள்ளியை அடிக்க வேண்டும், அப்புறம் 'க'. மற்ற கீயை அடித்தால் காகிதம் சுற்றிய கேரேஜ் ஓர் எழுத்து இடம் நகரும். புள்ளியை அடித்தால் நகரக் கூடாது. அப்போதுதான் அடுத்து விழுகிற எழுத்தின் தலையில் புள்ளி உட்காரும். நகராத கீ என்பதால் இதற்குச் செத்த கீ என்று பெயர். செத்தது செத்தபடி கிடந்தால்தான் தமிழ் பிழைக்கும்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலை கடைசிப் பயிற்சி. வேகம் போதவில்லை என்று மாஸ்டர் சொல்ல, எனக்குக் கோபம் வர, கோபமெல்லாம் சுண்டுவிரலில் இறங்கி, புள்ளி கீயை நான் அடித்த அடியில் உள்ளே அதன் கரம் ஒடிந்தது. ஒவ்வோர் எழுத்தையும் தாங்கித் தூக்கிக்கொண்டு போய்க் காகிதத்தில் அடிக்கிறதே, அந்த இரும்புக் கரம். அழாத குறையாகப் பஸ் ஏறினேன். பாயைக் கூப்பிட்டுச் சரி செய்துவிடலாம், நீ போய்த் தூங்கு என்றார் மாஸ்டர்.

மறுநாள் காலை நடந்ததை நான் பார்க்கவில்லை. பாயும் மாஸ்டரும் பிற்பாடு சொன்னதுதான். பாய் ஆறு மணிக்கே வந்துவிட்டார். ஊரில் எங்கும் தமிழ் மெஷின் கரம் உபரியாக இல்லை. பையில் கிடந்த ஒரு பழைய இங்கிலீஷ் மெஷின் கரத்தை எடுத்து, அதன் எழுத்தைப் பெயர்த்துவிட்டு, ஒடிந்த கரத்தின் புள்ளியை ஈயம் வைத்து அதில் பற்றவைத்தார். மெஷினில் மாட்டி அடித்துப் பார்த்தார். புள்ளி அழகாக விழுந்தது. இன்னும் ஒரு வேலை பாக்கி. இங்கிலீஷ் கரத்தின் அடியில் குதிகால் மாதிரிப் புடைத்த ஒரு குதி இருக்கும், கேரேஜைத் தள்ளுவது அதுதான். புள்ளிக்கு அந்தக் குதி கூடாது. கரத்தைத் திரும்பக் கழற்றிக் குதியை அராவ வேண்டும். அரத்தைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து இன்னோர் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து சைக்கிளில் ஆள் வந்தது. அவர்களுடைய மெஷினும் பரீட்சைக்குப் போக வேண்டியது, கேரேஜை இழுக்கும் பட்டை அறுந்துவிட்டதாம், உடனே வர வேண்டுமாம்.

உடனே. அந்தச் சொல் போதுமே அவருக்கு. அரத்தை வைத்துவிட்டு ஓடினார்.

பரீட்சைக்கு இன்ஸ்டிட்யூட்டுகள்தான் மெஷின்களைக் கொண்டுபோக வேண்டும். கைவண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்குப் போட்டு, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி அனுப்புவார்கள். அன்றைக்குப் பங்குனித் திருவிழா வேறு. சுவாமி புறப்பாடு ராஜ வீதிக்கு வந்துவிட்டால் வண்டி எறும்பளவும் நகராது. மாஸ்டர் பயந்துபோய் ஏழு மணிக்கே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். ஏழாம் நம்பர் முழுசாக இருந்தது, புள்ளியும் மாட்டியிருந்தது. மூடி போட்டார், ஏற்றினார்.

பாய் திரும்பி வந்தபோது இன்ஸ்டிட்யூட்டில் பூட்டுத் தொங்கியது. அப்போது பிடித்தது அவருக்கு அந்தச் சந்தேகம். குதியை அராவினேனா, இல்லையா? காலையிலிருந்து இரண்டு இடத்தில் அரம் பிடித்திருந்தார். எங்கே எதை அராவினோம் என்று நினைத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றாகக் குழம்பியது. கூட்டத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டே பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். மெஷின்களைப் பெஞ்சுகளில் வரிசையாக வைத்து முடித்துவிட்டார்கள். இனிமேல் யாரும் தொடக் கூடாது. பரீட்சை மெக்கானிக் என்ற முறையில் அவர் வராந்தாவில் நிற்கலாம். எழுதுகிறவர் கை தூக்கி, மேற்பார்வையாளர் கூப்பிட்டால் மட்டும் உள்ளே போகலாம்.

கேட்டிருக்கலாம். ஒரு மெஷினைப் பார்க்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் பரமசிவத்திடம் அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். கேட்டால் ஏன் என்பார். மறந்துவிட்டேனோ என்று சந்தேகம் என்று சொல்ல வேண்டும். இருபது வருஷமாக ஊரில் அத்தனை பேரிடமும் கைலதான் கோளாறு என்று சொன்ன வாயால் அதை எப்படிச் சொல்வது? அராவியிருப்போம், இத்தனை வருஷ அனுபவம், கை தானாகச் செய்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாராம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் அவரை நாலு போடலாம் போல வரும்.

நான் ஜன்னலோரம் ஏழாம் நம்பர் முன்னால் உட்கார்ந்தேன். காகிதத்தை ஏற்றி நேராக்குவதற்குள் மணி அடித்துவிட்டது. பத்து நிமிஷம். கண் இடது பக்கத்தில் இருக்கும் கேள்வித்தாளில்தான் இருக்க வேண்டும், வானம் இடிந்து விழுந்தாலும் அடிக்கிற காகிதத்தைப் பார்க்கக் கூடாது. அது மாஸ்டர் எங்களுக்குப் போட்ட விலங்கு. முப்பது மெஷின் ஒன்றாக ஓடும்போது அந்த அறை தறிக் கொட்டகை மாதிரி அதிர்ந்தது. அன்றைக்கு எனக்கு வரி முடியும் மணி வழக்கத்தைவிடச் சீக்கிரம் சீக்கிரமாக அடித்தது. அட, கை பறக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. ஆபீசர் முகம், அப்பா முகம், எல்லோர் முகமும் வந்து போயிற்று. மணி ஏன் சீக்கிரம் அடிக்கிறது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் விளங்கியிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் தனியாக ஓர் இடத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

பாய் அதைக் கேட்டார். நகரும் கீ அடித்தால் அடியும் அசைவுமாக இரட்டைச் சத்தம், செத்த கீக்கு ஒற்றைச் சத்தம், ஏழாம் நம்பரில் ஒற்றைச் சத்தமே வரவில்லை என்று பிற்பாடு சொன்னார். முப்பது மெஷின் இரைச்சலில் அது கேட்டதாம். நம்புகிறவர்கள் நம்பலாம். ஜன்னல் வழியாகக் கேரேஜ் ஓடுவதைப் பார்த்திருப்பார் என்பது என் எண்ணம். எதுவானாலும் ஜன்னல் கம்பியை ஸ்க்ரூடிரைவரால் தட்டினார். எனக்குக் கேட்டது. எவனோ திருவிழாக்காரன் என்று நினைத்து நான் திரும்பவில்லை.

அடுத்து என் கேரேஜ்மேல் ஒரு கை விழுந்தது. மெஷின் நின்றது. நிமிர்ந்தால் பாய், வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கையை ஓங்கி அடித்துத் தள்ளினேன். மூன்றாவது தடவை, என் பிழைப்பு, இந்த மனுஷன் வந்து கெடுக்கிறானே என்று இருந்தது. சுற்றி இருபத்தொன்பது பேரும் தலையைத் திருப்பாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் அதே விலங்கு. பரமசிவம் ஓடி வந்து எங்கள் இருவரையும் வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

யார் உள்ளே விட்டது, இன்ஸ்டிட்யூட்காரன் ஏதாவது கொடுத்தானா, இந்தப் பெண் உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். பாயால் அங்கேயும் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். கடைசியில் பாய் வாயைத் திறந்தார்.

"இந்தப் பொண்ணு கைல ஒண்ணும் இல்ல சார். கூடந்தான் கோணல். கோணலாக்கினவன் நானு."

என் அழுகை நின்றுவிட்டது. அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பரமசிவம் நம்பவில்லை. பெண்ணுக்கு வேகம் வரவில்லை, அதை மறைக்க நாடகம் என்றார். மணி அடித்து மற்றவர்கள் வெளியே வந்ததும், பாய் அவரை உள்ளே கூப்பிட்டார். எழுதித் தருகிறேன், இதே மெஷினில் எழுதித் தருகிறேன் என்றார். அப்புறம் என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார். அந்த ஒரு தடவைதான். ஊரில் இருக்கும் மெஷின் அத்தனையையும் பிரித்துப் பூட்டியவருக்கு டைப் அடிக்கத் தெரியாது. ஆள்காட்டி விரல் ஒன்றால், எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். இந்த மெஷினைச் சரியாக அராவாமல் விட்டது நான், தப்பு என்னுடையது, ஹபீபுல்லா. இவ்வளவுதான். அதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் கால் அவ்வளவு நேரமும் ஆடவில்லை என்பதைக் கவனித்தேன். காகிதத்தில் ஒரு புள்ளியாவது எழுத்தின் தலையில் உட்காரவில்லை. 'தப்பு' என்ற சொல்லில் த ஒரு பக்கம், புள்ளி நடுவில் அநாதையாக, அப்புறம் ப. பரமசிவம் அதையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் தாளிலும் அப்படித்தான், வரிக்கு வரி, வேப்பங்கொட்டை இறைத்த மாதிரி.

அவர் இரண்டு தாளையும் பெஞ்சுமேல் வைத்தார். பிறகு, அடுத்த அணியோடு வேறு மெஷினில் எழுது என்று என்னிடம் சொன்னார். பாயிடம் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இதைக் கம்பெனிக்கும் அனுப்பத்தான் வேண்டியிருக்கும் என்றார். பாய் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். என்னைப் பார்க்கவில்லை.

நான் இரண்டாவது அணியில் எழுதினேன். புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சத்தம் கேட்கிறதா என்று என் காது பார்த்துக்கொண்டது. அன்றைக்கு வந்த பழக்கம், இன்னும் போகவில்லை.

மூன்று வாரத்தில் மெட்ராஸிலிருந்து கார்டு வருவது நின்றது. கம்பெனி வேறு ஆளை வைத்துக்கொண்டது. கார்டு இல்லாத காலை வேளைகளில் பாய் வீட்டு முற்றத்திலேயே சுற்றிச் சுற்றி நடக்கிறார், கோழிகள்கூட மிரளுகின்றன என்று ஜோஹரா அக்கா என்னிடம் வந்து சொல்லி அழுதாள். எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. எங்கள் ஆபீஸ் மெஷினுக்கு நானே அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். அப்புறம் கோர்ட்டு கூப்பிட்டது, ஐயம்பேட்டை கூப்பிட்டது. புது ஆள் 'உடனே' என்றால் அடுத்த மாதம் வருகிறவன்.

ரிசல்ட் வந்த அன்று என் நம்பர் பேப்பரில் இருந்தது. பேப்பரை மடித்துக்கொண்டு ஓடினேன். பாய் டீக்கடை வாசலில் ஒரு கால் பெடலில் வைத்து நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்து, கடைக்காரரிடம் எனக்கும் ஒரு டீ சொன்னார். இரண்டு வருஷமாக எனக்குள் கிடந்து அரித்த கேள்வியை அப்போது கேட்டேன்.

"பாய், அப்ப மின்ன ரெண்டு தடவ தவறினேனே. அது என் கையா, மிஷினா?"

"மொத தடவ கைதாம்மா. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

"ரெண்டாவது தடவ?"

அவர் டீ டம்ளரைப் பலகையில் வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது.

"நீ அன்னைக்கே மிஷின் சரியில்லன்னு சொன்ன. நான் தொறந்துகூட பாக்கலம்மா. சிரிச்சிட்டுப் போய்ட்டேன்."

ஒரு வருஷம், தூங்காத இரவுகள், அப்பாவிடம் வாங்கிய ஏச்சு, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. கத்தியிருக்கலாம், கத்துவதில் நான் கெட்டிக்காரி. அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அவர் சைக்கிளில் ஏறி வேகமாகப் போய்விட்டார்.

என் வேலை நிரந்தரமாயிற்று. இப்போதும் பாய் எங்கள் ஆபீஸுக்கு மாதம் ஒருமுறை வருகிறார், நின்றுகொண்டே வேலை பார்க்கிறார். மெஷின் சரியில்லை என்று புதிதாக வந்த பெண்கள் யாராவது சொன்னால் அந்தப் பழமொழியைச் சொல்வதில்லை. எங்கேம்மா, காட்டு என்கிறார். வேலை முடிந்ததும் புள்ளி கீயை மூன்று தடவை அடித்துவிட்டுக் கேரேஜையே பார்த்துக்கொண்டு நிற்பார். நானும் என் இடத்திலிருந்து பார்ப்பேன். கேரேஜ் நகராது. அதற்கப்புறம்தான் பையை எடுப்பார்.